பொறியின் முன் யார் அமர்வது?

இராயபுரத்துத் தோழரே! திருவொற்றியூரில் ஷிப்டு முடித்து வீடு திரும்பும் தோழரே! எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வரிசை எப்போது நகரும் என்று காத்துக் கிடக்கும் தோழரே! உங்களிடம் ஒரு கேள்வி.

வண்டியின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்களே, அந்த இரும்புப் பெட்டி. அதன் முதுகில் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் எழுதியிருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? அந்த ஏழாவது எண்ணை மட்டும் ஒரு சிறு கட்டத்துக்குள் அடைத்திருக்கிறார்களே, ஏன்?

"ஏதோ நம்பர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். அந்த ஒற்றை எண் ஒரு காவலாளி!

கணக்கு இதுதான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு. 'ஏ' என்றால் 10. பதினொன்றை விட்டுவிட்டு 'பி' என்றால் 12. இப்படியே பதினொன்றின் மடங்குகளை மட்டும் தாண்டிக்கொண்டு போனால் 'இசட்' 38-இல் முடியும். முதல் இடத்தில் உள்ள மதிப்பை ஒன்றால் பெருக்கு, இரண்டாம் இடத்தை இரண்டால், மூன்றாம் இடத்தை நான்கால், அடுத்ததை எட்டால், இப்படி இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாம் இடத்தை 512-ஆல் பெருக்கு. எல்லாவற்றையும் கூட்டு. 11-ஆல் வகு. மீதி என்னவோ அதுதான் கட்டத்துக்குள் இருக்கும் எண். மீதி பத்து வந்தால் பூஜ்யம்.

எதற்கு இத்தனை பாடு? கேட்டில் நிற்கும் எழுத்தர் மூன்றை எட்டென்று குறித்துவிட்டால், கணிப்பொறி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும். காவல் எண்ணோடு பொருந்தாது. பிழை அநேகமாக அங்கேயே அகப்பட்டுவிடும். துறைமுகத்தில் மலைபோல் அடுக்கிக் கிடக்கும் பெட்டிகளில் எது எங்கே, எது யாருக்கு, எது எந்தக் கப்பலுக்கு என்பதெல்லாம் இப்படிப்பட்ட கணக்குகளின் மேல்தான் நிற்கிறது.

இந்தக் கணக்கு பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகளுக்கு விளங்குமா, விளங்காதா? விளங்கும். நன்றாகவே விளங்கும்! அப்படியானால் அவள் ஏன் அந்தப் பொறியின் முன் அமரக்கூடாது? இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

தோளிலிருந்து திரைக்கு

ஒரு காலம் இருந்தது. கப்பலில் வந்த சரக்கு மூட்டையாக வந்தது. மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்தவன் நம் தோழன். தோளில் சுமந்தவன் நம் தோழன். பலகையில் கால் வழுக்கி விழுந்தவனும் நம் தோழன்தான். துறைமுகத்தின் கணக்கு அன்று தொழிலாளியின் முதுகெலும்பில் எழுதப்பட்டது.

1983 டிசம்பரில், பெட்டகங்களுக்கென்றே தனியாக அமைந்த முனையம் இந்தியாவிலேயே முதன்முதலாக இதே சென்னைத் துறைமுகத்தில் தொடங்கப்பட்டது. கப்பலுக்குள் இறங்கிப் பலர் சேர்ந்து நாள்கணக்கில் இறக்கிய சரக்கை, ராட்சதப் பளுதூக்கி ஒன்று பெட்டி பெட்டியாக எடுத்து வைத்தது. தோளில் இருந்த மூட்டை இறங்கியது. வாழ்த்துவோம். ஆனால் மூட்டையோடு சேர்ந்து கூலியும் இறங்கிப் போயிற்றே! அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

வேலை எங்கே போயிற்று? மாயமாக மறைந்துவிடவில்லை. கப்பலின் அடித்தளத்திலிருந்து எழுந்து, குளிர்சாதன அறைக்குள் போய், ஒரு கண்ணாடித் திரையின் முன் உட்கார்ந்துகொண்டது. அந்த நாற்காலியில் யார் பிள்ளை அமர்ந்திருக்கிறது? சுமந்தவன் பிள்ளையா, சுமத்தியவன் பிள்ளையா? அதிலும் மகனுக்காவது ஒரு ஓரத்தில் இடம் கிடைக்கிறது; மகள் எங்கே?

பொறியைக் கண்டு அஞ்சி ஓடினால் பொறி நம்மைத் துரத்தும். பொறியை உடைக்கப் புறப்பட்டால் வேறொரு பொறி வந்து நிற்கும். அதை நம் பிள்ளைகள் ஆளக் கற்க வேண்டும். அதில் கிடைக்கும் பயனில் நம் பங்கைக் கேட்டுப் பெற வேண்டும். இதற்கு வழி காட்டியவர்கள் யார் தெரியுமா? பெண்கள்!

கணக்குப் போட்ட கைகள்

'கம்ப்யூட்டர்' என்ற ஆங்கிலச் சொல் இன்று ஒரு பொறியின் பெயர். ஆனால் பொறி பிறப்பதற்கு முன்னால் அது ஒரு வேலையின் பெயர். நாள் முழுவதும் மேசையில் குனிந்து கணக்குப் போடுகிற ஆளை அமெரிக்காவில் அப்படி அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்கிட ஒருவருக்கு ஏறத்தாழ ஒன்றரை நாள் உழைப்பு தேவைப்பட்டது.

அதே கணக்கை நொடிகளில் போட பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு பொறி செய்தார்கள். எனியாக் என்று பெயர். சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள். 30 டன் எடை. ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. பொறியைச் செய்தவர்கள் ஆண்கள். அதைக் கணக்குப் போட வைத்தவர்கள் ஆறு பெண்கள். கற்றுக்கொடுக்கக் கையேடு இல்லை. வரைபடங்களைப் பார்த்துப் பார்த்துத் தாமாகவே கற்று, கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி, அந்த இரும்பு பூதத்தை ஏவலாளாக்கினார்கள். 1946 பிப்ரவரியில் பொறியை உலகுக்குக் காட்டினார்கள். கைதட்டல் கிடைத்தது, படம் எடுத்தார்கள், பெரிய விருந்தும் நடந்தது. அந்த ஆறு பெண்களுக்கு விருந்துக்கு அழைப்பு இல்லை! அவர்கள் பெயரை உலகம் அறிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. உழைத்தவன் ஒருவன், மாலை போட்டுக்கொள்பவன் வேறொருவன் என்பது நமக்குப் பழக்கப்பட்ட கதைதானே!

இன்னொரு பெண்மணியைச் சொல்கிறேன். டாரதி வான் என்று பெயர். கருப்பினத்தவர். 1943-இல் வர்ஜீனியா மாநிலத்தில் விமான ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் கணக்குப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். கருப்பினப் பெண்களுக்கு அங்கே தனி அறை. தனிக் கழிப்பறை. சிற்றுண்டிச் சாலையில் தனி மேசை. நம் ஊர் தேநீர்க் கடைகளில் இருந்த இரட்டைக் குவளைக்கு அமெரிக்காவிலும் ஒரு உடன்பிறப்பு! அந்தத் தனி அறைக்கு 1949-இல் தலைமை ஏற்றார் டாரதி வான்.

பிறகு கணிப்பொறி வந்தது. கையால் கணக்குப் போடும் பெண்களின் வேலைக்கு உலை வைக்க வந்தது. துறைமுகத்தில் பெட்டகம் வந்த நாளில் நம் தோழர்கள் எந்த இடத்தில் நின்றார்களோ, அதே இடத்தில் நின்றார்கள் அந்தப் பெண்கள். டாரதி வான் என்ன செய்தார்? போர்ட்ரான் என்ற கணிப்பொறி மொழியைக் கற்றுக்கொண்டார். தாம் மட்டும் கற்றுத் தப்பித்துக்கொள்ளவில்லை. தம்மோடு இருந்த பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். எந்தப் பொறி தங்களை வெளியேற்ற வந்ததோ, அந்தப் பொறிக்கே ஆணையிடும் இடத்தில் அவர்களை உட்கார வைத்தார்.

தோழர்களே, சங்கம் என்றால் இதுதான். உறுப்பினர் அட்டை இல்லாமலே அந்த அம்மையார் நடத்தியது ஒரு சங்கம்!

கிண்டியில் ஒரு பெண்

"அமெரிக்காவில் நடக்கும். நம் ஊரில் நடக்குமா?" என்று கேட்பீர்கள். நம் ஊரிலேயே நடந்தது. இந்தச் சென்னையிலேயே நடந்தது.

1919-இல் சென்னையில் பிறந்தவர் லலிதா. பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில் கணவரை இழந்தார். கையில் நான்கு மாதக் குழந்தை. அந்த நாளில் அப்படிப்பட்ட பெண்ணுக்குச் சமுதாயம் என்ன எழுதி வைத்திருந்தது என்பதை நான் சொல்ல வேண்டுமா? மூலையில் முடங்கு. கண்ணீரில் கரை. இவ்வளவுதான்!

லலிதா முடங்கவில்லை. இராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட் படித்துத் தேறினார். பொறியியல் படிக்க வேண்டும் என்றார். கிண்டிப் பொறியியல் கல்லூரியோ 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய நாள் முதல் ஆண்களின் கோட்டை. அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். தந்தை என்ன செய்தார்? "ஊர் என்ன சொல்லும்" என்று அஞ்சவில்லை. முதல்வர் சாக்கோவிடம் மகளுக்காக வாதாடினார். கதவு திறந்தது. 1940-இல் மின்பொறியியல் வகுப்பில் ஒரு பெண் போய் உட்கார்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்! மகள் தனித்து நிற்கக்கூடாது என்று, மற்றப் பெண்களும் வந்து சேர வழி செய்தார் தந்தை. லீலாம்மா ஜார்ஜ், தெரசியா என்று இருவர் கட்டடப் பொறியியலில் வந்து சேர்ந்தார்கள்.

மூவரும் பட்டம் பெற்றார்கள். சான்றிதழிலோ பட்டம் பெறுபவரைக் குறிக்கும் இடத்தில் ஆண்பால் சொல்லையே அச்சடித்து வைத்திருந்தார்கள். பெண் ஒருத்தி வந்து நிற்பாள் என்று அச்சுக்கோத்தவன் கனவிலும் கண்டிருக்கமாட்டான்! அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டுப் பெண்பால் சொல்லை எழுதிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு அடித்தல்தான். ஆனால் எத்தனை நூற்றாண்டுகளை அடித்த அடித்தல் அது!

லலிதா என்ன ஆனார்? ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஓராண்டுப் பயிற்சி. சிம்லாவில் அரசுப் பணி. 1948 முதல் கல்கத்தாவில் மின்கருவிகள் செய்யும் ஒரு பெரிய நிறுவனத்தில் பொறியாளர். மின்பாதைகளை வகுப்பதும், துணை மின்நிலையங்களுக்குத் திட்டம் தீட்டுவதும் அவர் வேலை. பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கப் பணியிலும் அவர் உழைப்பு இருக்கிறது. 1964-இல் நியூயார்க் நகரில் பெண் பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் கூடிய முதல் உலக மாநாட்டுக்குப் போய் வந்தார். குழந்தையை வளர்த்து ஆளாக்கிக்கொண்டேதான் இத்தனையும் செய்தார். 1979-இல் மறைந்தார். உடன் படித்த தெரசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

மூலைக்கு அனுப்பப்பட வேண்டிய பெண், நாட்டின் மூலை முடுக்கெல்லாம் விளக்கெரிய மின்பாதை வகுத்தார். நடுவில் நின்றது யார்? ஒரு தந்தை. அதை மறந்துவிடாதீர்கள்.

வடக்கும் தெற்கும்

'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்று மேடைகள் முழங்கிய காலம் ஒன்று உண்டு. சென்னை நகருக்குள் வந்தால் அந்தக் கணக்கு தலைகீழ்! அனல் மின்நிலையம் வடக்கே. நிலக்கரித் தூசி வடக்கே. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வடக்கே. டிரெய்லர் வரிசை வடக்கே. கணிப்பொறி மாளிகைகள் மட்டும் தெற்கே! 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. அங்கே எரியும் விளக்குக்கு மின்சாரம் தந்ததில் எண்ணூருக்குப் பங்குண்டு. அங்கே அமரும் நாற்காலியில் எண்ணூருக்குப் பங்கு எவ்வளவு?

நம் பக்கத்துப் பெண்களுக்கு அறிவில்லையா? காசிமேட்டுக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். ஒரு கூடை மீனை ஏலத்தில் எடுத்து, ஐஸுக்கு இவ்வளவு, ஆட்டோவுக்கு இவ்வளவு, வட்டிக்காரனுக்கு இவ்வளவு, போக வீட்டுக்கு இவ்வளவு என்று காகிதமும் பென்சிலும் இல்லாமல் கண் இமைக்கும் நேரத்தில் கணக்குப் போடுகிறார்கள் நம் தாய்மார்கள். அந்தத் தாயின் மகளுக்கா கணக்கு வராது?

தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்ட பெண்கள் எங்கே போயிருக்கிறார்கள் என்று பாருங்கள். அரியலூர் வளர்மதி, கோவை அரசினர் கல்லூரியில் பொறியியல் படித்தவர். இரவானாலும் மேகம் மூடினாலும் தரையைப் படம் பிடிக்கும் ரிசாட்-1 செயற்கைக்கோள் 2012-இல் விண்ணில் ஏறியதே, அதன் திட்ட இயக்குநர் அவர்தான். 2015-இல் தமிழக அரசு தொடங்கிய அப்துல் கலாம் விருதை முதன்முதலில் பெற்றவரும் அவரே.    2019-இல் நிலவுக்குப் போன சந்திரயான்-2-க்குத் திட்ட இயக்குநராக இருந்த முத்தையா வனிதா, சென்னையைச் சேர்ந்தவர். 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் போய் நின்றது. அதன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டையில் ஒரு விவசாயியின் மகள்.

செங்கோட்டையிலிருந்து சூரியன் வரை வழி இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து தரமணிக்கு மட்டும் வழி இல்லையா?

வீட்டு வாசல்

"லலிதாவின் தந்தை பேராசிரியர், முதல்வரிடம் போய்ப் பேசினார். என்னைப் போன்ற கூலிக்காரன் யாரிடம் போய்ப் பேசுவது?" நியாயமான கேள்வி.

அன்று ஒரு தந்தை வேண்டிப் பெற்றதை இன்று சட்டம் உரிமையாகத் தருகிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கி 2021-இல் சட்டம் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில், 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கியது. எங்கே தொடங்கியது? நம் வடசென்னை பாரதி மகளிர் கல்லூரியில்!

கல்லூரிக் கதவு திறந்துவிட்டது. மூடிக்கிடப்பது எந்தக் கதவு? சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. மூடிக்கிடப்பது நம் வீட்டுக் கதவு!

ஆலை வாயிலில் நின்று "உரிமை! உரிமை!" என்று தொண்டை கிழியக் கத்துகிறோம். வீட்டு வாசலை மிதித்ததும் முதலாளி ஆகிவிடுகிறோம். மகன் கேட்டால் கடன் வாங்கியாவது செல்போன், மகள் கேட்டால் "உனக்கு எதற்கு?" மகன் படிப்புக்குச் சீட்டுப் பணம், மகளுக்கு வைத்திருக்கும் பணம் நகைக்கு. அவள் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தாலும், "பக்கத்திலே ஏதாவது படி, போதும்" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

"கணிப்பொறி வேலை என்றால் இராத்திரி வேலை ஆயிற்றே!" இதுவும் ஒரு தடை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இரவில் ஆலை வேலைக்குப் பெண்ணை வைக்கக்கூடாது என்றது. பெண் தொழிலாளர்களே வழக்குத் தொடுத்தார்கள். அந்தத் தடை செல்லாது என்று 2000-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சும்மா அளிக்கவில்லை, போய்வர வண்டி வேண்டும், ஓய்வறை வேண்டும், பாதுகாப்பு வேண்டும் என்று நிபந்தனைகளும் விதித்தது. பத்துப் பேர் வேலை செய்யும் இடமானாலும் பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்கக் குழு இருக்க வேண்டும் என்று 2013-இல் சட்டமே வந்தது.

ஆகவே, இரவைக் காட்டி மகளைத் தடுக்க வேண்டாம். இரவில் வண்டி எங்கே, குழு எங்கே, கைக்குழந்தையை விட்டுச் செல்லக் காப்பகம் எங்கே என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். அதைக் கேட்கத்தானே சங்கம்! போனசுக்குக் குரல் கொடுக்கும் சங்கம் பேருந்துக்கும் குரல் கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். கணிப்பொறி வேலை என்றதும் சொர்க்கம் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கேயும் ஆள்குறைப்பு உண்டு. அங்கேயும் பேசாமல் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவர்கள் உண்டு. குளிர்ந்த அறையில் நடந்தாலும் சுரண்டல் சுரண்டல்தான். அதனால்தான் தொழிலாளி வீட்டுப் பெண் அங்கே போக வேண்டும் என்கிறேன். எட்டு மணி நேரம் என்றால் என்னவென்று அப்பன் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவள் அல்லவா அவள்!

படிப்பகத்தின் கதவு

கடைசியாக, ஊழியத் தோழர்களுக்கு ஒரு சொல்.

தெருவுக்கு ஒரு படிப்பகம் வைத்தோம். பத்திரிகை போட்டோம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத தோழனையும் உலக அரசியல் பேச வைத்தோம். பெருமைதான். ஆனால் அந்தப் படிப்பகத்தின் பெஞ்சில் இன்று வரை எத்தனை பெண் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்? நாம் நாலு பேர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தால் எந்தப் பெண் உள்ளே வருவாள்?

மாலை ஆறு முதல் எட்டு வரை படிப்பகத்தைப் பெண் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவோம். பழையதானாலும் பரவாயில்லை, இரண்டு கணிப்பொறி வாங்கி வைப்போம். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, பள்ளியில் படிக்கும் பத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். டாரதி வான் செய்தது அதுதான். கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் நாட்களில் வீடு வீடாகப் போவோம். வாக்குக் கேட்க ஏறாத மாடி உண்டா? இறங்காத சந்து உண்டா? அதே கால்களால் ஒரு முறை, "உங்கள் மகளைப் படிக்க வையுங்கள்" என்று கேட்டு நடப்போம்.

டிரெய்லர் தோழரே! அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கும் வண்டியின் பெட்டி எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கட்டத்துக்குள் இருக்கும் எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் மகளிடம் காகிதத்தைக் கொடுத்து, மேலே சொன்ன கணக்கைச் சொல்லி, "கண்டுபிடி பார்க்கலாம்" என்று கேளுங்கள்.

அவள் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்துவிட்டு உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாள்.

அப்போது அவளுக்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?